பல் மருத்துவரின் வண்டிக்குப் பல் போன விவரம்

செவ்வாய்க்கிழமை, காலை பத்தரை மணி

மதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களின் சமூகத்திற்கு,

வணக்கம். இங்கு நானும் என் மனைவியும் நலம். அங்கு தாங்களும், சம்பந்தியம்மாவும், நம் பிள்ளைகள் இருவரும், புதிதாக அறுவை செய்யப்பட்ட தங்கள் இடது முழங்காலும் நலமாயிருக்க வேண்டும் என்பதே எங்கள் விருப்பம். இந்தக் கடிதத்தை நின்றுகொண்டு படிக்க வேண்டாம். சம்பந்தியம்மாவை ஒரு தம்ளர் தண்ணீருடன் பக்கத்தில் இருக்கச் சொல்லிவிட்டு, உட்கார்ந்து படிக்கவும்.

போனிலேயே சொல்லியிருக்கலாமே என்பீர்கள். நான்கு முறை முயன்றேன். நான்கு முறையும் நீங்கள் எடுத்த எடுப்பில் "வண்டி எப்படி இருக்கு?" என்று கேட்டீர்கள். என் வாய் என்னைக் கேட்காமல் "நல்லா இருக்கு" என்று சொல்லிவிட்டது. அதற்குமேல் உண்மையை எந்தப் பக்கமாக நுழைப்பது? அடுத்த புதன்கிழமை நீங்கள் திரும்பி வருகிறீர்கள். அதற்குள் உண்மை உங்களை வந்தடைய வேண்டும், அது வந்து சேரும்போது நான் பக்கத்தில் இருக்கக் கூடாது. ஆகவே தபால்.

நீங்கள் மருத்துவமனைக்குக் கிளம்பிய அன்று உங்கள் சிவப்பு ஸ்போர்ட்ஸ் காரை எங்கள் ஷெட்டில் நிறுத்தி, சாவியோடு டைப் அடித்த ஒரு தாளையும் கொடுத்தீர்கள். வாரம் ஒருமுறை ஸ்டார்ட் செய்யவும், பத்து நிமிடம் ஓடவிடவும், ஷெட்டை விட்டு வெளியே எடுக்க வேண்டாம். 'வேண்டாம்' என்ற சொல்லின் கீழ் பேனாவால் இரண்டு கோடு. முப்பத்தோரு வயது வண்டியை என்னை நம்பிக் கொடுத்தீர்கள் என்றால் அதற்குக் காரணம் உண்டு. முப்பத்துநாலு வருடம் லிஃப்ட் சோதனை அதிகாரியாக இருந்தவன் நான். நான் கையெழுத்துப் போட்ட எந்த லிஃப்ட்டிலும் ஒரு கயிறுகூட அறுந்ததில்லை. நான்கு ஞாயிற்றுக்கிழமைகள் கடிகாரத்தைப் பார்த்துப் பத்து நிமிடம் ஓடவிட்டேன், பத்து நிமிடத்துக்கு ஒரு நொடி கூடவும் இல்லை குறையவும் இல்லை. ஐந்தாவது ஞாயிற்றுக்கிழமை என் மனைவி வந்து பக்கத்து சீட்டில் உட்கார்ந்தாள். சும்மாதான் உட்கார்ந்தாள். ஏழாவது நிமிடத்தில் சொன்னாள்: "ஏங்க, கல்யாணமாகி முப்பத்தாறு வருஷத்துல நீங்க என்ன அதிகமா கூட்டிட்டுப் போனது லிஃப்ட்டுலதான். அதுவும் மேலயும் கீழயும். ஒரு தடவ நேரா போலாமா?"

இதற்கு என்ன பதில் சொல்வது என்று நீங்களே சொல்லுங்கள். ஷெட் வாசல் வரை என்றுதான் எடுத்தேன். வாசல் வந்ததும் தெருமுனை வரை என்று தோன்றியது. தெருமுனையில் திரும்புவதற்கு இடமில்லை. (இடம் இருந்தது.) அவள் ஏதோ ஒரு பித்தானை அழுத்த, பட்டப்பகலில் பானெட்டிலிருந்து இரண்டு விளக்குகளும் எழும்பின. "கண்ணு முழிக்குது பாருங்க!" என்று கைதட்டிச் சிரித்தாள். என் மனைவி அப்படிச் சிரித்து நான் பார்த்து எத்தனையோ வருடமாகிறது, சம்பந்தி. அந்தச் சிரிப்புக்கு மூன்றாவது கியர் போதவில்லை. நான்காவது போட்டேன். மேம்பாலத்தில் ஏறினோம்.

ஏற்றத்தின் முக்கால் பங்கில் ஒரு சின்னச் சத்தம் வந்தது. வெடிச்சத்தமெல்லாம் இல்லை. பிஸ்கட்டை இரண்டாக ஒடித்தால் வருமே, அவ்வளவுதான். அடுத்த நொடி இன்ஜின் இல்லை. ஸ்டியரிங் கல்லாகிவிட்டது, பிரேக்கை மிதித்தால் சுவரை மிதித்த மாதிரி இருந்தது, பின்னால் ஒரு லாரி ஹாரனை அழுத்திய கையை எடுக்கவே இல்லை. வண்டி வேகம் குறைந்து, நின்று, மெல்லப் பின்னோக்கி உருள ஆரம்பித்தது. ஹேண்ட் பிரேக்கை இரண்டு கையாலும் இழுத்துப் பிடித்தேன். கண்ணாடியில் லாரியின் முன்பக்கம் பெரிதாகிக்கொண்டே வந்தது. அதில் ஒட்டியிருந்த பூச்சிகளைக்கூட எண்ணலாம் போல இருந்தது. "ஏங்க, இது லிஃப்ட் இல்ல, எதாவது பண்ணுங்க" என்றாள் என் மனைவி. ஒரு சாண் இடைவெளியில் லாரி நின்றது. என்னைத் திட்டுவதற்காக இறங்கி வந்த டிரைவர், வண்டியைப் பார்த்ததும் திட்டுவதை மறந்துவிட்டார். அவரும் என் மனைவியும் பின்னாலிருந்து தள்ள, நான் ஸ்டியரிங்கோடு மல்லுக்கட்ட, மேடு தாண்டி மறுபக்கம் இன்ஜின் இல்லாமலே உருண்டு இறங்கினோம். "டார்ச்சக்காகிட்ட காட்டுங்க. வேற யாரும் கைவெக்க விடாதீங்க" என்று வழி சொல்லிவிட்டுப் போனார் அந்தப் புண்ணியவான்.

டார்ச்சக்கா என்பவர் சலவைக் கடைக்குப் பின்னால் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கும் அம்மாள். ஐம்பத்தைந்து வயதிருக்கும். நெற்றியில் எந்நேரமும் ஒரு டார்ச் விளக்கு கட்டியிருப்பதால் அந்தப் பெயர். நம்மோடு பேசும்போதும் அதை அணைப்பதில்லை, அதனால் அவர் முன்னால் பொய் சொல்வது கஷ்டம். முதல் கேள்வியே "நின்னப்புறம் எத்தன தடவ சாவி திருப்புனீங்க?" என்பதுதான். "ஒரு தடவ" என்றேன். "மூணு" என்றாள் என் மனைவி. டார்ச்சக்கா இன்ஜினின் பக்கவாட்டு மூடியைக் கழற்றி, உள்ளேயிருந்து ஒரு கறுப்பு ரப்பர் பட்டையை உருவி என் கையில் கொடுத்தார். டைமிங் பெல்ட்டாம். உள்பக்கம் முழுக்கப் பல் இருக்க வேண்டும். வரிசையாகப் பதினோரு பல் இல்லை. "பல்லெல்லாம் கொட்டிருச்சு சார்" என்றார். வண்டியின் சொந்தக்காரர் நாற்பது வருடம் பல் மருத்துவராக இருந்தவர் என்பதை நான் அவரிடம் சொல்லவில்லை.

நடந்தது என்னவென்று அவர் விளக்கியது எனக்குப் புரிந்த அளவில் இது. பிஸ்டன் மேலே வரும் இடமும் வால்வு கீழே இறங்கும் இடமும் ஒன்றே. ஒருவர் இருக்கும்போது மற்றவர் வரக்கூடாது. அந்த முறையைக் காப்பாற்றுவது பெல்ட். அது போனதும் இருவரும் ஒரே நேரத்தில் உள்ளே நுழைந்து மோதிக்கொண்டார்கள். சிலிண்டர் ஹெட்டைக் கழற்றி வால்வுகளை எடுத்து, எது எங்கிருந்து வந்தது என்று தெரிய ஓட்டை போட்ட அட்டையில் வரிசையாகக் குத்திவைத்தார். பிறகு ஒவ்வொன்றாகக் கண்ணாடிப் பலகையில் உருட்டினார். "நேரா இருக்கறது உருளும், வளைஞ்சது நொண்டும். பாருங்க." பதினாறு உருட்டினார். முதல் நான்கு உருண்டன. எனக்கு உயிர் வந்தது. ஐந்தாவது நொண்டியது. அதற்குப் பின் நான் பார்க்கவில்லை, சத்தத்தை மட்டும் கேட்டேன். எட்டு நொண்டி.

இந்த மாடலுக்கு வால்வு எங்குமே கிடைக்கவில்லை. பழைய வண்டிகளை உடைக்கும் இடங்களில் டார்ச்சக்கா ஒருபுறம் தேட, நான் ஒருபுறம் தேட, பத்து நாள் போயிற்று. அந்தப் பத்து நாளில்தான் நீங்கள் மூன்று முறை போன் செய்தீர்கள். "இன்னிக்கு ஓட விட்டீங்களா? சத்தம் எப்படி?" என்றீர்கள். "சத்தமே இல்ல" என்றேன். அது பொய்யில்லை. "அப்படியா! கொஞ்சம்கூட இல்லயா?" "துளிகூட இல்ல, சம்பந்தி." நீங்கள் அவ்வளவு சந்தோஷப்பட்டீர்கள். அடுத்த முறை "போன இன்ஜின்கிட்ட பிடிங்க, என் காதால கேக்கணும்" என்று சொல்வீர்கள் என்று நான் எதிர்பார்க்கவில்லை. எனக்கு வேர்த்துவிட்டது. என் மனைவி போனை வாங்கிக்கொண்டுபோய் ஓடிக்கொண்டிருந்த வாஷிங் மெஷின்மேல் வைத்தாள். நீங்கள் ஒரு நிமிடம் உன்னிப்பாகக் கேட்டீர்கள். "நல்லாத்தான் இருக்கு. ஆனா தண்ணி சத்தம் மாதிரி ஏதோ கேக்குதே?" "ரேடியேட்டர்" என்றேன். "ரேடியேட்டர்ல ஒரு கண் வெச்சுக்குங்க" என்றீர்கள். அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. ஏமாற்றுவதுகூடப் பரவாயில்லை, ஏமாந்தவர் நமக்கு நன்றி சொல்லும்போதுதான் தாங்க முடியவில்லை.

எட்டு வால்வும் கடைசியில் வேறொரு கிழட்டு வண்டியின் வயிற்றிலிருந்து கிடைத்தன. டார்ச்சக்கா உராய்வுப் பசை தடவி, உள்ளங்கைகளுக்கிடையே கடைந்து கடைந்து ஒவ்வொன்றையும் அதனதன் இருக்கையில் பதியவைத்தார். கசிகிறதா என்று பார்க்கப் பெட்ரோலை ஊற்றிவிட்டுக் காத்திருந்தோம். ஒன்றில் ஒரு முத்து கசிந்தது. முகம் சுளிக்காமல் அதை மறுபடி கடைந்தார். நான் தினமும் காலை எட்டு மணிக்குப் போய் நிற்பதைப் பார்த்து முதலில் எரிச்சல்பட்டவர், பிறகு என்னையும் வேலையில் சேர்த்துக்கொண்டார். இனி வருவதுதான் நான் முக்கியமாக ஒப்புக்கொள்ள வேண்டிய விஷயம்.

நேற்று புதுப் பெல்ட் மாட்டினோம். என் மனைவியும் கூட வந்திருந்தாள். மேலே இரண்டு பல்சக்கரம், கீழே ஒன்று. மூன்றிலும் வெள்ளைக் கோடு. மூன்று கோடும் அதனதன் குறிக்கு நேராக நிற்கும்போது பெல்ட் ஏற வேண்டும். "இத அசையாம பிடிங்க" என்று ஒரு சக்கரத்தில் ஸ்பேனர் மாட்டி என்னிடம் கொடுத்தார். பிடித்தேன். மூக்கில் அரித்தது. சொறியவில்லை, ஆனால் சொறியலாமா என்று நினைத்தேன். அந்த நினைப்பில் கை ஒரு இம்மி தளர்ந்தது. அதற்குள் பெல்ட் ஏறிவிட்டது. டார்ச்சக்கா இறுக்கி முடித்துச் சாவியை எடுக்கப் போனார். நான் குனிந்து கோட்டைப் பார்த்தேன்.

"நிறுத்துங்க. ஒரு பல் தள்ளியிருக்கு."

"பக்கத்துலேர்ந்து பாத்தா அப்படித்தான் தெரியும் சார். நேரா பாருங்க."

"நேராத்தான் பாக்கறேன்."

"இருபத்தெட்டு வருஷமா பெல்ட் மாட்டறேன்."

"முப்பத்துநாலு வருஷமா நான் அடுத்தவங்க மாட்டுனத பாத்துருக்கேன். சாவி போடாதீங்கம்மா. கையால சுத்திப் பாருங்க."

அவர் முகம் சிவந்துவிட்டது. ஒர்க்‌ஷாப்பில் நாங்கள் மூன்று பேர்தான், ஆனாலும் கூட்டத்தின் நடுவில் சண்டை போட்டது போல எனக்குக் கூசியது. நீளமான ஸ்பேனரை அடிச்சக்கரத்தில் மாட்டி மெல்லச் சுற்றினார். ஒரு சுற்று. இன்னும் ஒரு சுற்று. கோடுகள் குறிக்கு வரும் இடத்தில் நிறுத்தி, முகத்தைக் கிட்டே கொண்டுபோய்ப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். பிறகு, பழகிய நாளிலிருந்து முதல் தடவையாக, நெற்றி விளக்கை அணைத்தார்.

"ஒரு பல்" என்றார். "எப்படிப் போச்சு? நான் சரியாத்தானே வெச்சேன்?"

சும்மா இருந்திருக்கலாம். அவர் பிழையைக் கண்டுபிடித்த பெரிய மனிதனாக வீட்டுக்குப் போயிருக்கலாம். "நான்தான் கைய விட்டேன்" என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "அத அப்பவே சொல்ல வேண்டியதுதானே பெரியவரே, இன்ஜின் என்ன கோவிச்சுக்கவா போகுது?" என்றார். பெல்ட்டைக் கழற்றி முதலிலிருந்து மாட்டினார். இந்த முறை ஸ்பேனரை என் மனைவி பிடித்தாள்.

மறுபடி கையால் இரண்டு சுற்று. மூன்று கோடும் குறியில் நின்றன. சாவியை என்னிடம் நீட்டினார். எனக்கு வாங்கத் துணிச்சல் வரவில்லை. என் மனைவிதான் வாங்கி, உட்கார்ந்து, திருப்பினாள். முதலில் தகரடப்பாவில் கூழாங்கல் போட்டுக் குலுக்கியது போல ஒரு சத்தம். முடிந்தது கதை என்று கண்ணை மூடிக்கொண்டேன். ஐந்து நொடி, ஆறு நொடி. எண்ணெய் மேலே ஏறியதும் சத்தம் தணிந்தது, தணிந்து ஒரே சீராக ஓடத் தொடங்கியது. கண்ணைத் திறந்தபோது நான் பழைய டயர் ஒன்றின்மேல் உட்கார்ந்திருந்தேன். எப்போது உட்கார்ந்தேன் என்று தெரியவில்லை.

வண்டி இப்போது ஷெட்டில் நிற்கிறது. உங்கள் நம்பிக்கையை நான்காவது கியரில் போட்டு உடைத்தவன் நான். இரண்டு கோடு போட்ட சொல்லை மீறினேன், போனில் பொய் சொன்னேன், வாஷிங் மெஷினை உங்கள் வண்டி என்று நம்பவைத்தேன். மன்னிக்க முடியுமானால் மன்னியுங்கள். முடியாவிட்டால் கோபத்தை என்னோடு நிறுத்திக்கொள்ளுங்கள், நம் பிள்ளைகள்மேல் காட்ட வேண்டாம்.

மாப்பிள்ளைக்கும் மகளுக்கும் எங்கள் ஆசிகள். சம்பந்தியம்மாவை என் மனைவி மிகவும் விசாரித்தாள். தங்கள் முழங்கால் நீடூழி மடங்கி நிமிரட்டும்.

இப்படிக்கு,
தங்கள்மீது அன்பும் அதைவிட அதிகமாக அச்சமும் கொண்ட
சம்பந்தி

பின்குறிப்பு: உறையில் போட்டு ஒட்டிவிட்டு, செருப்பில் ஒரு காலை நுழைத்தபோது உங்கள் போன் வந்தது. இன்று வண்டியைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. "டாக்டர் சொல்லிட்டார் சம்பந்தி, இந்தக் கால் இனிமே கிளட்ச் மிதிக்காது. வித்துடலாம்ங்கறான் பையன். யாரோ ஒருத்தர்கிட்ட குடுக்க மனசு வரல. நீங்களே வெச்சுக்குங்க. ஒரு குறையும் இல்லாத வண்டி" என்றீர்கள். என் கண் கலங்கியது உண்மை. துடைத்துக்கொண்டு யோசித்ததில் ஒன்று விளங்கியது. வண்டி இப்போது என்னுடையது. என் வண்டியை நான் ஓட்டியதற்கு உங்களிடம் மன்னிப்புக் கேட்பது முறையாகாது. ஆகவே மேலே கேட்ட மன்னிப்பு அனைத்தையும் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். மாறாக, பானெட்டின் அடியில் உங்கள் கையெழுத்தில் ஒட்டியிருக்கும் சீட்டை, மரியாதை கருதி இதுவரை எழுதாமல் விட்டதை, இப்போது குறிப்பிட வேண்டியிருக்கிறது: பெல்ட் கடைசியாக மாற்றப்பட்டது பதினான்கு வருடத்துக்கு முன். ஊரார் பல்லையெல்லாம் ஆறு மாதத்துக்கு ஒருமுறை கொண்டுவந்து காட்டச் சொன்னவர் நீங்கள். குறையில்லாத வண்டி என்று சொந்தச் சம்பந்தி தலையிலேயே கட்டுவது நியாயமா? கடிதத்தைக் கிழித்துப் போடச் சொல்கிறாள் என் மனைவி. காலையிலிருந்து உட்கார்ந்து எழுதியதைக் கிழிக்க எனக்கு மனமில்லை, அனுப்புகிறேன். விளக்கத்தை நேரில் சொல்லலாம். புதன்கிழமை ஸ்டேஷனுக்கு வண்டியோடு வருகிறேன். இரண்டே சீட் என்பதால் சம்பந்தியம்மாவும் பெட்டிகளும் டாக்சியில் வரட்டும். நீங்கள் என் பக்கத்தில் காலை நீட்டி உட்காருங்கள். அந்தப் பக்கம் மிதிக்க ஒன்றும் கிடையாது.