ஓட்டையை அடைத்த அணில்

ஒரு காட்டில் இலுப்பை மரம் ஒன்று, அதில் மூன்று பொந்துகள், மூன்றுக்கும் ஹவுஸ் ஓனர் தர்மலிங்கம் என்ற மரங்கொத்தி. நடுப்பொந்தில் வேணி என்ற அணில் தன் இரண்டு குட்டிகளோடு குடியிருந்தாள். மாத வாடகை பத்துக் கொய்யா. பத்து மாத அட்வான்ஸாக அவள் கொடுத்த நூறு கொய்யாவை ஓனர் அந்த வாரமே தின்று தீர்த்திருந்தார்.

சுவரில் ஆணி அடிக்கக் கூடாது என்பது ஒப்பந்தத்தின் முதல் நிபந்தனை. கொத்தும் உரிமை ஓனருக்கு மட்டும்தான். அவர் தினமும் கொத்தியதில் ஐப்பசி மழைக்குக் கூரை ஓட்டையாகிவிட்டது. சின்னக் குட்டிக்கு நெஞ்சில் சளி கட்டிக்கொண்டது. சொல்கிற எனக்கே வயிறு எரிகிறது.

“கூரை ஒழுகுது சார்.”

“மழை பெஞ்சா ஒழுகத்தாம்மா செய்யும்.”

“நீங்க அடைச்சுக் குடுக்கிற வரைக்கும் வாடகை தர மாட்டேன்.”

“தாராளமா. அட்வான்ஸ்ல கழிச்சுக்கறேன்.”

இரண்டு மாதம் வேணி வாடகை தரவில்லை. ஓனருக்கு ஓர் இறகுகூட அசையவில்லை. வாடகைக் கோர்ட்டில் ஆந்தையிடம் போனாள். “ஒப்பந்தம் பதிவாகலையே. ஓனரைக் கூட்டிட்டு வந்து பதிவு பண்ணு, அப்புறம் அவர் மேல புகார் குடு” என்றது ஆந்தை.

குட்டியின் இருமல் தாங்காமல் வேணி தானே பிசின் வைத்துக் கூரையை அடைத்தாள். மறுநாள் காலை ஓனர் இரண்டு மைனாக்களோடு வந்து நின்றார்.

“புதுக் கூரை. ஒரு சொட்டு ஒழுகாது. வாடகை பதினஞ்சு” என்று அவர்களிடம் சொல்லிவிட்டு வேணியிடம் திரும்பினார். “எம் பையன் ஊர்லேருந்து வரான்மா. வீடு வேணும்.”

மீதி அட்வான்ஸ் பெயின்ட் செலவில் போயிற்று.

வேணி ஒரு புளியமரத்தில் வேறு பொந்து பிடித்தாள். கூரை கெட்டியாக இருந்தது. பால் காய்ச்சிய கையோடு குட்டிகளை ஒரு மூலையில் படுக்கவைத்துவிட்டு, எதிர்மூலைக் கூரையைப் பல்லால் கரண்டி ஓட்டை போட்டாள். கீழே ஒரு சிரட்டை வைத்தாள்.

மூன்று வருஷமாயிற்று. வீடு பார்க்க வருகிறவர்கள் சிரட்டையைக் கண்டதும் திரும்பிவிடுகிறார்கள். வாடகை ஏறவில்லை. இந்த ஓனரின் பையனும் இன்னும் ஊரிலிருந்து வரவில்லை.

நீதி: வாடகை வீட்டு ஓட்டையை அடைக்காதீர்கள். திறந்திருந்தால் மழைதான் வரும். அடைத்தால் அடுத்த குடித்தனக்காரர் வந்துவிடுவார்.