அத்தை கொடுத்த விதையும் அம்மா பொட்டு வைத்த குச்சியும்

அடி அண்ணாமலை,
சித்ரா பௌர்ணமி கழிந்த மூன்றாம் நாள்.

மதிப்பிற்குரிய தேவிப்ரியா அத்தைக்கு, அண்ணன் மகள் கவிநிலா வணக்கத்துடன் எழுதுவது. இங்கே அப்பா, அம்மா, ஆடுகள் இரண்டு ஆகியோர் நலம். உங்கள் விதைப் பண்ணையிலிருந்து வந்த புது நிலக்கடலை (அப்பா வாயில் மல்லாட்டை) மட்டும் நலமாக இல்லை. இதை முதல் வரியிலேயே சொல்வது மரியாதையா என்று தெரியவில்லை. ஆனால் நாளைக் காலையில் செடி பிடுங்குகிறோம், எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. இதுவரை எழுதுவதற்குள் இரண்டு முறை எழுந்துபோய்க் கொல்லையைப் பார்த்துவிட்டு வந்தேன். அங்கே ஒன்றும் மாறவில்லை.

பொங்கலுக்கு வந்தபோது, "பாதியில இதைப் போடுங்க, பாதியில பழசைப் போடுங்க, எது ஜாஸ்தி காய்க்குதுன்னு கவிநிலா எழுதி வைக்கட்டும்" என்று சொல்லிவிட்டுப் போனீர்கள். நீங்கள் பஸ் ஏறிய பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியாது. கிரிவல வண்டிகளை நிறுத்த இடம் தேடும் ஆதிமூலம் மாமா எங்கள் நாற்பது சென்ட்டைக் கேட்டு வந்தார். அப்பா அவரிடம், "மூணு பட்டமா மல்லாட்டை கைகுடுக்கல. தேவி குடுத்த விதை பழசைவிட ஜாஸ்தி காய்ச்சா நெலம் என்கிட்ட இருக்கும். இல்லன்னா நீ ஜல்லி கொட்டிக்க" என்று சொல்லிவிட்டார். ஜல்லி கொட்டி இறுக்கிய மண்ணில் அப்புறம் புல்கூட வராது. அதனால்தான் அத்தை, நான் எழுதுவதைச் சாதாரண நோட்டுப் புத்தகம் என்று நினைக்க முடியவில்லை.

விதைத்த அன்று எனக்குப் பரீட்சை. சாயங்காலம் வந்து கேட்டபோது, வேலியோரம் பக்கத்துக் கொல்லை முருகையன் மாமாவோடு நின்றிருந்த அப்பா, கிரிவலப் பாதைப் பக்கம் புது விதை, கிணற்றுப் பக்கம் பழைய விதை என்றார். நான் உடனே 'புதியது', 'பழையது' என்று எழுதி இரண்டு குச்சி நட்டேன். வெள்ளிக்கிழமை பார்த்தால் பாதையோரக் குச்சிக்கு அம்மா மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்திருக்கிறார். "அம்மா, இது ஆராய்ச்சிக் குச்சி" என்றேன். "ஆராய்ச்சின்னா வெறும் நெத்தியோடவா நிக்கும்?" என்றார். மாசிப் பௌர்ணமிக்கு வெளியூர் அம்மா ஒருவர் அதன்முன் கற்பூரம் ஏற்றி மூன்று சுற்று சுற்றினார். அவருக்குப் பின்னால் நாற்பது பேர் சுற்றினார்கள். பங்குனிப் பௌர்ணமிக்கு ஆளுக்கொரு கொத்து இலையைப் பிரசாதமாகப் பறிக்க ஆரம்பித்துவிட்டார்கள். "இது சாமி இல்லைங்க, நிலக்கடலை" என்று ஓடினேன். ஒரு பெரியவர் சாந்தமாக, "எல்லாத்துலயும் அவர்தான் இருக்கார் பாப்பா. நீ தள்ளி நில்லு, வரிசை நிக்குது" என்றார். குச்சியைப் பிடுங்கப் போனேன். அப்பாவோ, "இருக்கட்டும் விடு, கும்புட்டுட்டுப் போறாங்க" என்று சிரிக்கிறார். நிலம் போகப்போகிற நேரத்தில் இவருக்கு எப்படிச் சிரிப்பு வருகிறது என்று எனக்குப் புரியவில்லை.

உண்மையை மறைக்கக் கூடாது என்பதால் எழுதுகிறேன். பறித்ததைக் கழித்துப் பார்த்தாலும் புதியதில் பூ கம்மி, இலையில் கரும்புள்ளி. பழையது செழிப்பாக இருக்கிறது. இன்று கைபடாத வரிசைகளில் பக்கத்துக்கு ஒரு செடி பிடுங்கி எண்ணினேன். புதியதில் ஒன்பது காய், பழையதில் இருபத்தாறு. அப்பாவிடம் காட்டினேன், "அப்படியா" என்றார், அவ்வளவுதான். அம்மாதான், "உங்க அத்தை குடுத்தது விதையா, இல்ல வறுத்த கடலையா?" என்று கேட்டார். போனில் பேசினால் இரண்டு பேர் காதிலும் விழும் என்றுதான் இந்தக் கடிதம். தினமும் உங்கள் ஊர் கீழ்பென்னாத்தூருக்கு மதிய வேலைக்கு வரும் வினோதினி அக்காவிடம் கொடுத்தனுப்புகிறேன். நாளைச் சாயங்காலம் ஜல்லி வண்டி வருவதற்குள், ஒரு பட்டத்தை வைத்து எதையும் முடிவு செய்யக் கூடாது என்று அப்பாவிடம் நீங்கள் பேச வேண்டும். நான் சொன்னேன் என்று சொல்ல வேண்டாம்.

மாமாவுக்கு என் வணக்கம், சினேகா பாப்பாவுக்கு முத்தம். உங்கள் விதையைக் குறை சொல்லிவிட்டேன், மனதில் வைக்காமல் வெயிலில் குடை பிடித்துப் போங்கள்.

இப்படிக்கு,
வருத்தத்துடன்,
கவிநிலா, ஒன்பதாம் வகுப்பு.

பின்குறிப்பு: மறுநாள் மதியம். விடியற்காலையிலேயே ஆள் வைத்துப் பிடுங்கிவிட்டோம். பாதைப் பக்கம் ஒன்றரை மூட்டை, கிணற்றுப் பக்கம் நான்கு மூட்டை. நான் அழுதேன். அப்பா கிணற்றுப் பக்கத்துக் காயை ஒரு கை அள்ளி, "இதைத் தனியா கட்டி வை, அடுத்த பட்டத்துக்கு விதை. தேவி குடுத்தது" என்றார். விதைத்த அன்றைக்குப் புது விதையைக் கிணற்றுப் பக்கம்தான் போட்டாராம். "வேலியோரம் முருகையன் நின்னாரு. அவரு நல்லாருக்குன்னு சொன்ன எருமை மறுநாளே பால் வத்திப்போச்சு. அவரு முன்னாடி எப்படிம்மா உண்மையைச் சொல்றது?" என்றார். "அப்புறமாவது என்கிட்ட சொல்லியிருக்கலாமேப்பா" என்றேன். "நீ எழுதி வைப்ப. வச்சதைச் சத்தமா வேற படிப்ப" என்றார். ஆதிமூலம் மாமாவுக்கு ஒரு கூடை அவித்த கடலை போயிருக்கிறது, ஜல்லி வேண்டாம் என்ற சேதியோடு. வினோதினி அக்கா வாசலில் நிற்கிறார், திருப்பி எழுத நேரமில்லை. ஆகவே மேலே புதியது என்று வரும் இடங்களில் பழையது என்றும், பழையது என்று வரும் இடங்களில் புதியது என்றும் படித்துக்கொள்ளவும். அம்மா கேட்ட கேள்வியைப் படிக்காமல் தாண்டிவிடவும். அடுத்த பட்டத்தில் நாற்பது சென்ட்டும் உங்கள் விதைதான். பாதையோரக் குச்சி மட்டும் அப்படியே இருக்கட்டும் என்கிறார் அப்பா, முருகையன் மாமா பார்ப்பதற்கு ஏதாவது வேண்டுமாம்.