ரோஷக்காரர் வீட்டு அமாவாசை

செஞ்சிக் கடைவீதியில் இரும்புக்கடை வைத்திருந்த தாண்டவராயனுக்கு ஒரு சொல்லின் மேல் தனிப் பிரியம். ரோஷம்.

"கோவம் வேற, ரோஷம் வேற," என்று ஆணி வாங்க வந்தவர்களுக்கெல்லாம் விளக்குவார். "கோவக்காரன் சோறு ஆறுறதுக்குள்ள ஆறிடுவான். ரோஷக்காரன் ராஜகிரிக் கோட்டை மேல ஏத்தின பீரங்கி மாதிரி. கீழ எறங்கமாட்டான்."

அன்று அமாவாசை. பக்கத்து வீட்டுத் தனகோட்டியோடு சாயங்கால பஸ்ஸில் மேல்மலையனூர் போய், அங்காளம்மனைப் பார்த்துவிட்டு மறுநாள் வருவதாக மனைவி விருத்தாம்பாள் சொன்னாள். அப்படியானால் ராத்திரி இட்லிக்கு யார் பொறுப்பு? தாண்டவராயன் துண்டை உதறினார்.

"போறேன்ற பேச்சை நீ வுடுற வரைக்கும் இந்த வீட்ல பச்சத்தண்ணி தொடமாட்டேன். நான் ரோஷக்காரன்!"

"சரிங்க," என்றாள் மனைவி. அழவில்லை. கெஞ்சவில்லை. வடைக்கு உளுந்து அரைக்கப் போனாள்.

மதியம், காலமான நைனாவுக்குப் படையல். வடை, பாயசம், பூசணிக்காய் சாம்பார். காக்காவைத் தாண்டவராயனே கூப்பிட்டார். அது கொஞ்சமும் ரோஷமில்லாமல் தின்றுவிட்டுப் பறந்தது. இனி யாராவது இவர் கையைப் பிடித்து இழுத்து இலையில் உட்கார வைக்க வேண்டும். யாரும் இழுக்கவில்லை. ஓட்டலுக்கும் போக வழியில்லை. படையல் நாளில் வெளியே தின்பவன் மனுஷனே இல்லை என்று கடைவீதி முழுக்கச் சொல்லி வைத்தவர் அவர்தான்.

தனகோட்டி வந்தாள்.

"அண்ணன் இன்னும் சாப்புடலியா அக்கா?"

"மெதுவா பேசுடி. அவரு ரோஷக்காரரு. கூப்ட்டா அவமானமாயிடும்."

"ஒரு வடையாவது மூடி வையேன்."

"அவரு மொகத்துல முழிக்கணுமே நானு! நீ சாப்டு."

கூடத்தில் தாண்டவராயன் இருமினார்.

"பாத்தியா, இருமலு வந்தாக்கூட தண்ணி கேக்கல!"

"எங்க வீட்டுக்காரரும் இருக்காரே," என்று தனகோட்டி இன்னொரு வடையைக் கடித்தாள். அந்த மொறுமொறுப்பு கூடம் வரை கேட்டது. பீரங்கி உருண்டது.

"ஏ விருத்தா! பஸ்சு எத்தினி மணிக்கு?"

"எந்த பஸ்சுங்க?"

"மலையனூரு ஸ்பெஷலு! போயிட்டு வா!"

"வேணாங்க. எனக்காக உங்க சொல்ல மாத்திக்காதீங்க."

"மாத்தல! புதுசா சொல்றேன்! நீ போயே ஆவணும்! மொதல்ல இலையப் போடு!"

இலை விழுந்தது. பாதி வடையில்தான் கவனித்தார். அவள் ஏற்கெனவே புதுப் புடவையில் இருந்தாள்.

சாயங்காலம் பையைத் தூக்கிக்கொண்டு பஸ் வரைக்கும் போனார். பஸ்ஸுக்குள்ளேயிருந்து அதே தெரு ரத்தினம்மாள் கேட்டாள்: "இன்னாடி விருத்தா, உன் வீட்டுக்காரரு வுட்டுட்டாரா?"

"எனக்கு எங்க இஷ்டம் அக்கா? போயே ஆவணும்னுட்டாரு. அவரு ரோஷக்காரரு. சொன்னா சொன்னதுதான்."