அரை முழ எல்லைத் தகராறு

கோபம் வந்தால் உடனே மேலிடத்துக்குக் கடிதம் எழுதும் வியாதி எனக்கு இருந்தது. யுத்த காலத்தில், மற்றவர்கள் வாயைத் திறக்கவே யோசித்த நாட்களில், நான் யோசிக்காமல் நாலு பக்கம் எழுதினேன்.

களுதாவளைப் பக்கம் ஒரு விவசாயக் கந்தோரில் நான் லிகிதர், அதாவது குமாஸ்தா. பக்கத்து மேசையில் புவனா மிஸ், என் வயதுதான். நான் லீவில் இருந்த ஒருநாள், அவர் தன் மேசையை ஜன்னல் பக்கமாக அரை முழம் நகர்த்திவிட்டார். அவரிடமே ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். (கேட்டால் என் கௌரவம் என்னாவது?) நேரே பெரிய கந்தோருக்கு எழுதினேன்: 'எல்லை மீறல்', 'திட்டமிட்ட ஊடுருவல்', 'பதிலடி தவிர்க்க முடியாதது.' ரேடியோச் செய்தி கேட்டுக் கேட்டு வந்த தமிழ்.

அதை நேரில் கொடுக்க மறுநாள் காலை மட்டக்களப்புக்கு பஸ் ஏறினேன். ஏதோ அலுவலாகப் புவனா மிஸ்ஸும் அதே பஸ்ஸில் இருந்தார். சோதனைச் சாவடியில் எல்லாரும் இறங்கி நடந்தோம். தமிழ் தெரிந்த ஒரு சிப்பாய் என் பையிலிருந்த கடிதத்தை எழுத்துக்கூட்டி வாசித்தான். 'ஊடுருவல்' வந்ததும் என்னை ஓரமாக நிறுத்தினான்.

அப்படி நிறுத்தப்பட்ட பலர் வீடு திரும்பாத காலம் அது. பஸ் போய்விட்டது. புவனா மிஸ் போகவில்லை.

"சட்டப்படி நான்..." என்று தொடங்கினேன்.

"கொஞ்சம் பேசாம நில்லுங்க," என்றார் மெதுவாக.

ஒரு மணி நேரம் அவரும் வெயிலில் பேசாமல் நின்றார். சிப்பாய் அதட்டியபோதும் நின்ற இடத்தை விட்டு நகரவில்லை. அதிகாரி வந்து என்னை ட்ரக்கில் ஏற்றச் சொன்ன பிறகுதான் முன்னால் வந்து, குரலை உயர்த்தாமல், சிங்களத்தில் சொன்னார்: "அப்படியென்றால் என்னையும் ஏற்றுங்கள். இந்தக் கடிதத்தில் இருக்கிற எதிரி நான்தான்."

பிறகு இரண்டு கைகளாலும் அரை முழம் அளந்து காட்டினார்.

அதிகாரி அந்தச் சிப்பாயிடம் கடிதத்துக்கு இன்னொரு முறை அர்த்தம் சொல்லச் சொன்னார். சிரிக்கத் தொடங்கியவர், சிரித்தபடியே கடிதத்தைத் திருப்பித் தந்து, போகச் சொல்லிக் கை காட்டினார்.

எதுவரை பொறுப்பது, எந்த நொடியில் காலை முன்னே வைப்பது என்று அவ்வளவு துல்லியமாகத் தெரிந்த ஒருவரை நான் பிறகு காணவில்லை. நாடாண்டவர்களுக்கும் அவர்களை எதிர்த்துத் துவக்குத் தூக்கியவர்களுக்கும் அது தெரிந்திருந்தால் அந்தச் சாவடியே அங்கு இருந்திருக்காது.

அடுத்த பஸ்ஸில் அவர் கடிதத்தை வாங்கி நாலு பக்கமும் வாசித்தார். கைப்பையிலிருந்து சிவப்புப் பேனையை எடுத்தார்.

"ஏழு எழுத்துப்பிழை கிடக்கு. திருத்தித் தாறன். குடுக்கிறதெண்டா குடுங்க."

நான் கொடுக்கவில்லை. கதையை மட்டும் கல்யாணமான புதிதில் மனைவியிடம் சொல்லித் தொலைத்தேன். (மனைவி வேறு ஆள், புவனா மிஸ்ஸுக்கு அவ்வளவு கெட்ட காலம் இல்லை.) இன்றைக்கும் வீட்டில் நான் குரலை உயர்த்தினால், யாராவது ஒரு சிவப்புப் பேனையைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்துவிட்டுப் போவார்கள்.