தொகிமுனே பிரபுவுக்கு ஹிஸமே நகரம் அளித்த வீரமரணம்

உலகில் எத்தனையோ ஊர்கள் தங்கள் எதிர்காலத்தை மாற்றியமைத்துப் பெருமை தேடியிருக்கின்றன. இறந்தகாலத்தையே திருத்தி, அதற்கு நகரமன்றத்தின் ஏகமனதான ஒப்புதலும் வாங்கிய ஊர் எனக்குத் தெரிந்து எங்கள் ஹிஸமே ஒன்றுதான். அந்தத் திருப்பணியைச் செய்து முடித்த சுற்றுலாப் பிரிவுக்கு நான்தான் தலைவன். பெயர் இகராஷி. தன்னடக்கம் காரணமாகக் கோட்டை வாசல் பலகையில் என் பெயரைக் கொஞ்சம் சின்ன எழுத்தில்தான் போட்டிருக்கிறோம்.

பழைய சரித்திரம் பார்க்கச் சகிக்காத நிலையில் இருந்தது. நானூறு வருஷத்துக்கு முன்னால், ஆளுக்கு ஆள் வெட்டிக்கொண்டிருந்த காலத்தில், ஒரு பெரும்படை எங்கள் கோட்டையைச் சூழ்ந்தது. எங்கள் பிரபு குஸுமி தொகிமுனே என்ன செய்தார்? கதவைத் திறந்தார். வேகவைத்த முள்ளங்கியைத் தட்டில் ஏந்திக்கொண்டு தன்னந்தனியாக வெளியே போனார். எதிரித் தளபதியின் முன்னால் நெற்றி மண்ணில் படக் குனிந்து, "சாப்பிட்டாச்சா?" என்று கேட்டார். பசியில் கிடந்த படை சாப்பிட்டது. தளபதியும் பதிலுக்கு மண்ணில் நெற்றி படக் குனிந்தான். கோட்டை கைமாறியது. ஊரில் ஒரு கோழிகூடச் சாகவில்லை. இந்தச் சரித்திரத்தை வைத்துக்கொண்டு சுற்றுலாக்காரர்களிடம் ஒரு சாவி வளையமாவது விற்க முடியுமா?

ஆனாலும் நவம்பர்தோறும் இதற்கு ஒரு விழா நடந்துவந்தது. பிரபுவின் வம்சத்தில் மிஞ்சியிருக்கும் சயேகோ, கடைத்தெருவில் டோஃபு கடை வைத்திருப்பவள், என்னோடு பள்ளியில் படித்தவள். அவள் தட்டோடு வந்து குனிவாள். பக்கத்து ஊர் மேயர் தளபதியாக வந்து முள்ளங்கியைத் தின்றுவிட்டுப் பதிலுக்குக் குனிவார். கூட்டம் என்று பார்த்தால் முள்ளங்கிக்காக வருகிறவர்கள்தான்.

அப்போதுதான் டோக்கியோவிலிருந்து விமோசனம் வந்தது. 'இடிவாள் தொகிமுனே' என்கிற அனிமேஷன் தொடர். அதில் எங்கள் பிரபுவுக்குப் பத்தொன்பது வயது, வெள்ளி நிற முடி, வாகனம் பறக்கும் கெளுத்தி மீன். கொம்பு முளைத்த அரக்கர் படையோடு மோதி, கடைசியில் ஊர் மக்கள் அத்தனை பேரோடும் வீரமரணம் அடைகிறார். வெறும் கட்டுக்கதை என்று யாரும் ஏளனம் செய்யவேண்டாம். தொடருக்கு ஒரு சரித்திர ஆலோசகர் இருக்கிறார். கெளுத்தியின் முதுகில் போட்ட சேணத்தின் முடிச்சு அந்தக் காலத்து முடிச்சேதான் என்று அவர் பேட்டியே கொடுத்திருக்கிறார்.

ரயில் ரயிலாக ரசிகர்கள் வந்தார்கள். பிரபு சரணடைந்ததைச் சொல்லும் எங்கள் பழைய பலகையைப் படித்துச் சிலர் அழுதார்கள். மேயர் உசாமி உடனே 'சரித்திர நல்லிணக்கக் குழு' அமைத்தார். தொடரும் சரித்திரமும் முரண்படும் இடங்களில், வயதில் மூத்தது என்கிற முறையில், சரித்திரம் விட்டுக்கொடுக்கவேண்டும் என்று குழு தீர்மானித்தது. செய்தியைச் சொல்ல நான் டோஃபு கடைக்குப் போனேன்.

"சயேகோ, இந்த வருஷம் குனியறது கிடையாது. கடைசிப் போர் நடத்தப் போறோம்."

"எங்க பாட்டன் போரே நடத்தலையேடா."

"இனிமே நடத்தினாரு. பத்தொன்பது வயசுல வீரமரணம்."

அவள் கத்தியைக் கீழே வைத்தாள். "அவரு எழுபது வயசுல மூலம் வந்து செத்தாரு. எட்டுப் பிள்ளைங்க."

"கல்யாணமே ஆகலைன்னு குழுவுல முடிவாயிருக்கு."

"அப்ப நான்?"

"அரசாங்க முறைப்படி பார்த்தா..." கொஞ்சம் தயங்கினேன். "நீ பொறக்கலை."

"பொறக்காதவ கடையில உனக்கு என்ன வேலை?"

"விழாவுக்கு முள்ளங்கி வேகவைக்கணும்."

அவள் சிரிக்கவில்லை. "முள்ளங்கி தர்றேன். என்னைக் குனிய மட்டும் விடு. ஊர்ல ஒரு உசிரும் போகக்கூடாதுன்னு தன் மானத்தைக் கழட்டி வச்ச மனுஷன்டா அவரு. வருஷத்துல ஒரு நாள் அதை நாலு பேர் பாக்கட்டும்."

"சரணடையறது ஊருக்குக் கௌரவக் குறைச்சல்னு மேயர் நினைக்கறாரு."

"ஏன், அவருக்கென்ன கொம்பா முளைச்சிருக்கு?"

அந்தத் தேதியில் முளைத்திருக்கவில்லை என்பதை நேர்மையோடு பதிவு செய்கிறேன்.

விழா நாள். கோட்டை வாசலில் புதிய பலகை: 'இங்கே ஹிஸமே மக்கள் ஒருவர் மிச்சமின்றி வீரமரணம் எய்தினர்.' மேயர் திரையை விலக்கினார். கைதட்டல் அடங்கியதும், முழுக் கெளுத்தி வேஷத்தில் வந்திருந்த ஒஸாகா பல் டாக்டர் ஒருவர் துடுப்பைத் தூக்கிச் சந்தேகம் கேட்டார்.

"ஒருத்தர்கூட மிஞ்சலையா?"

"ஒரே ஒருத்தர்கூட இல்லை," என்றார் மேயர் பெருமையோடு.

"குழந்தைங்க?"

"குழந்தைங்களும்தான். எங்க ஊர்ல அரைகுறை வேலையே கிடையாது."

"அப்ப நீங்கள்லாம் யாரு?"

மேயர் என்னைப் பார்த்தார். நான் பலகையைப் பார்த்தேன். நல்லிணக்கக் குழு திரைக்குப் பின்னால் அவசரமாகக் கூடியது.

"வெளியூர்லேருந்து வந்து குடியேறினோம்னு சொல்லிடலாமா?" என்றேன்.

"வேணாம். அப்புறம் விழா எடுக்க நமக்கு என்ன பாத்தியதைன்னு கேப்பாங்க," என்றார் மேயர். "செத்தவங்க போக அன்னிக்கு இந்த இடத்துல மிச்சம் நின்னது யாரு, இகராஷி?"

"அரக்கர் படைங்க, ஐயா."

"அப்ப விஷயம் முடிஞ்சுது. நம்ம நினைவுப்பொருள் கடையில கொம்புத் தொப்பி இருப்பு இருக்கா?"

இருந்தது. நாங்கள் அரக்கர்களின் நேர் வாரிசுகள் என்று மேயர் ஒலிபெருக்கியில் அறிவித்தார். நகரமன்றம் முழுவதும் கொம்போடு வரிசையில் நின்றது. தபால்காரர், பல்பொருள் கடைக்காரர், என் மனைவி எல்லோருக்கும் கச்சிதமாகப் பொருந்தியது. ரசிகர்கள் படம் எடுத்துத் தள்ளினார்கள்.

அந்த நேரம் பார்த்துக் கோட்டைக் கதவு திறந்தது. பாட்டனின் பழைய மேலங்கியில், தட்டோடு, தன்னந்தனியாக சயேகோ வந்தாள். யாரும் கூப்பிடவில்லை. எங்கள் கொம்புகளை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு எங்கள் காலடியில் நெற்றி மண்ணில் படக் குனிந்தாள்.

"சாப்பிட்டாச்சா?"

பல் டாக்டர் என் காதோரம் வந்தார். "நடிப்பு அருமைங்க. ஆனா கற்பனை எல்லை மீறிப்போச்சு. ஊர் பிழைக்கணும்னு ஒரு சாமுராய் எதிரி காலடியில முள்ளங்கியோட குனிவாரா? நம்பும்படியா இல்லை." சொல்லிவிட்டு வாலை மடக்கிக்கொண்டு கெளுத்திகளுக்கான பந்தலுக்குப் போனார்.

முள்ளங்கி நன்றாக வெந்திருந்தது. சுடச்சுட எல்லோரும் எடுத்துக்கொண்டோம். அவள் குனிந்தபடியே இருந்தாள். பதில் வணக்கம் செய்ய வேண்டிய பக்கத்து ஊர் மேயரை இந்த வருஷம் நாங்கள் அழைக்கவில்லை. அந்த இடம் காலியாக இருப்பது எனக்கு நன்றாகவே தெரிந்தது. நான் குனிந்திருக்கலாம். குனிந்தால் தொப்பி விழுந்துவிடும், படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

"இன்னும் ரெண்டு துண்டு இருக்குமா?" என்று கேட்டார் மேயர்.

அந்தத் தொடரில் சேணத்தின் முடிச்சைத் தவிர உண்மையே இல்லை என்று பேசித் திரிகிறவர்களுக்குச் சுற்றுலாப் பிரிவுத் தலைவன் என்கிற முறையில் என் மறுப்பைத் தெரிவித்துக்கொள்கிறேன். நானூறு வருஷத்துக்கு முன் வந்த எதிரிகள் சாப்பிட்டுவிட்டுத் திரும்பக் குனிந்தவர்கள். அவர்களுக்குக் கொம்பு வைத்தது கற்பனைதான். எங்களுக்கு வைத்தது சரித்திரம்.