கீபோர்டுக்கு வைத்த பொட்டு

ஒரு கல்யாணப் பத்திரிகையைக் குங்குமத்தால் அழித்தவள் நான். இப்போதும் எழுதத்தான் துணிச்சல். பேசச் சொன்னால் அடுக்களைக்குள் ஓடிவிடுவேன்.

தொண்ணூறுகளின் கடைசி. பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டு முன்னறையில் மருமகள் செல்வி கம்ப்யூட்டர் வைத்துப் பத்திரிகை அடித்துக் கொடுக்க ஆரம்பித்திருந்தாள். முதல் ஆர்டர், குலசேகரன்பட்டினத்து அண்ணாச்சி ஒருவரின் மகள் கல்யாணத்துக்கு. அன்று சரஸ்வதி பூஜை. பூஜையில் வைத்ததை மறுநாள் வரை தொடக்கூடாது. பூஜைக்கு முன்பே அடித்து முடித்து, அச்சகம் பூட்டுமுன் அண்ணாச்சி கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும்.

அவரோ காலையிலிருந்து தாய்மாமன்மார் பெயர்களை மேலும் கீழுமாக மாற்றிக்கொண்டிருந்தார். (நாலு பேர். நாலு பேருமே முதலில் வரணுமாம்.) ஒருவழியாக ஒத்துக்கொண்டு கைகழுவப் போனார். செல்வி காப்பி போட உள்ளே போனாள். எனக்கு நல்ல நேரம் போகிறதே என்று தவிப்பு. அரிவாள்மணை, தையல் மிஷின் எல்லாம் பொட்டோடு தயாராக இருந்தன. கம்ப்யூட்டர்தான் பாக்கி. வேலை முடிந்தது என்று நானே தீர்மானித்து, குங்குமச் சிமிழோடு போனேன்.

மற்றவர்களாக இருந்தால் ஓரத்தில் ஒரு பொட்டு வைத்திருப்பார்கள். நான் எழுத்துக்கு ஒன்று! மேலே தனியாக நின்ற பொத்தானுக்கு முதல் மரியாதை. திரையில் இங்கிலீஷில் ஏதோ கேட்டது. நமக்கெங்கே புரியும்? கீழ்வரிசை எழுத்துகளுக்கு நன்றாக அழுத்தி வைத்துக்கொண்டே போனேன். அந்த வரிசையில் ஆறாவது பொட்டில் திரை இருண்டது. (தனியாக நின்றது மெஷினை அணைக்கிற பொத்தானாம். எழுதியதைச் சேமிக்கவா என்று அது கேட்க, 'வேண்டாம்' என்று பதில் சொன்னது N எழுத்தில் விழுந்த என் ஆறாவது பொட்டு.)

"அத்தை, என்ன செஞ்சிய?"

"பொட்டுதாம்ளா வச்சேன்..."

அண்ணாச்சி துண்டால் கையைத் துடைத்தபடி வந்தார். "எம்மா, எம் மச்சான்மாரு எங்க?"

"அம்புட்டு பேரும் போயிட்டாவ அண்ணாச்சி. உக்காருங்க, திரும்பக் கூப்பிட்டுக்கிடுதேன்."

எனக்கு அழுகை முட்டியது. "பொட்டு வச்சதைத் தொடலாமாளா?"

"இன்னும் பூ வைக்கலேல்லா அத்தை. தொடலாம்."

உட்கார்ந்தாள். அண்ணாச்சி எழுதிக் கொடுத்திருந்த சீட்டைப் பார்க்கவில்லை. மாமன்மார் கடைசியாக ஒத்துக்கொண்ட வரிசை வரைக்கும் மனசிலிருந்தே அடித்தாள். விரல் நுனியெல்லாம் சிவப்பு. நான் கதவுக்குப் பின்னால் நின்று எல்லாச் சாமியையும் கூப்பிட்டேன். தாளை வாங்கிப் படித்த அண்ணாச்சி, "ஒரு புள்ளி தப்பலியே தாயி!" என்று அச்சகத்துக்கு ஓடினார்.

இனிமேல் மெஷின் பக்கம் வராதீர்கள் என்று சொல்லப்போகிறாள் என்று பயந்திருந்தேன். மறுநாள் அவள் கீபோர்டோடு வந்த பிளாப்பியைப் போட்டு ஒரு மணி நேரம் என்னவோ செய்தாள்.

"அத்தை, அந்தப் பொத்தான் இனி மெஷினை அணைக்காது. அமுக்கினா எழுதினதைச் சேமிச்சு வைக்கும். அடுத்த வருசமும் நீங்கதான் பொட்டு வைக்கணும்."

மாமியாரைத் திருத்துவது கஷ்டம் என்று மெஷினைத் திருத்தியிருக்கிறாள்! அந்த மூளை யாருக்கு வரும்?

இப்போது செல்விக்குப் பெரிய கடை, ஆறு மெஷின். சேமிப்பதற்கு அங்கே பெயரே 'பொட்டு வைப்பது'தான். "பொட்டு வச்சிட்டு எந்திரிங்க" என்பாள். போன மாதம் புதிதாக வேலைக்குச் சேர்ந்த பெண் என்னிடம் வந்து, "பெரியம்மா, குங்குமம் எங்கன இருக்கு?" என்று கேட்டாள்.

விளக்கிச் சொல்ல வெட்கமாக இருந்தது. சிமிழை எடுத்துக் கொடுத்துவிட்டேன்.