கட்டிலில் வந்தவர் உயிரோடு இருக்கிறார்

திண்டுக்கல், ஆஸ்பத்திரி வராந்தா
1962, ஆடி மாதம், வியாழன் பிற்பகல்

மகாராஜராஜஸ்ரீ சம்பந்தி ஆண்டிச்சாமி அவர்கள் சமூகத்துக்குப் பொன்னழகு எழுதிக்கொள்வது. இங்கு நான், என் மகள் மாயம்மாள், தங்கள் குமாரன் சங்கிலி ஆகிய மூவரும் உயிரோடு இருக்கிறோம். அங்கு தாங்களும் சம்பந்தியம்மாளும் இதைப் படித்து முடிக்கும்வரை தெம்பாக இருக்கத் தாடிக்கொம்புப் பெருமாள் துணை நிற்கட்டும்.

‘சௌக்கியம்’ என்று எழுதாமல் ‘உயிரோடு’ என்று எழுதியிருக்கிறேனே என்று பதற வேண்டாம். உங்கள் தெருப் பூக்காரி செபாஸ்தியம்மாள் மத்தியான பஸ்ஸில் வந்து என்ன சொன்னாலும் நம்ப வேண்டாம். அந்த அம்மாள் பொய் சொல்கிறவள் இல்லை, கண்ணால் பார்த்ததைத்தான் சொல்லுவாள். ஆனால் மாப்பிள்ளை சாகவில்லை. கால்தான் முறிந்திருக்கிறது. ஆகவே அழ வேண்டாம், பந்துக்களுக்கு ஆளனுப்ப வேண்டாம், முக்கியமாகக் கோடித்துணி வாங்கிக்கொண்டு புறப்பட வேண்டாம்.

ஆடி விருந்துக்கு அழைத்த மருமகனைக் கிணற்றில் இறக்கினாயா என்று கேட்பீர்கள். நான் இறக்கவில்லை. தோட்டத்துக் கிணற்றில் தூர் வாருகிறார்கள், நீங்கள் நிழலில் இருங்கள் என்றுதான் சொன்னேன். “சும்மா உக்காந்து திங்க வெக்கமா இருக்கு மாமா” என்று அவராகவே இறங்கினார், மேலேயிருந்து ஒரு பாறாங்கல் அவருக்கென்றே காத்திருந்தது போல உருண்டது. முழங்காலுக்குக் கீழே எலும்பு இரண்டாகிவிட்டது. ரத்தத்தைப் பார்த்ததும் எனக்கு முதலில் உங்கள் முகம்தான் ஞாபகம் வந்தது, அதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்.

நல்லவேளையாக எங்களிடம் கமிட்டி இருந்தது. போன வருஷம் எங்கள் ஊர்க் கொல்லர் லாரியில் அடிபட்டபோது, அவரை நிமிர்த்தி உட்கார வைத்து, சோடா கொடுத்து, கட்டைவண்டியில் குலுக்கிக் கொண்டுபோனோம், மனிதர் பாதி வழியிலேயே போய்விட்டார். அதற்குப் பிறகு காந்திகிராமத்தில் நடந்த முதலுதவி முகாமுக்கு நானும் போய், முறிந்த காலுக்கு மூங்கில் பத்தை வைத்துக் கட்ட வேண்டும், படுத்தவாக்கில் ஆடாமல் கொண்டுபோக வேண்டும், வழியில் எதுவும் குடிக்கத் தரக்கூடாது என்றெல்லாம் கற்றுக்கொண்டு வந்தேன். சாணார்பட்டிச் சாலையில் இருக்கிற ஊர்களையெல்லாம் பேசி ஒரே கமிட்டியாகச் சேர்த்தேன். அடிபட்டவனைக் கட்டிலோடு தோளில் தூக்க வேண்டியது, எல்லைக்கு எல்லை அடுத்த ஊர் ஆட்கள் தோள் மாற்ற வேண்டியது, ஒருவன் முன்னால் ஓடி மணியடித்து வழி ஒதுக்க வேண்டியது. ரயில்வே கேட்டில் ஆயுசைக் கழித்தவன் நான், எனக்கு இதில் ஒரு குறையும் தெரியவில்லை.

மணிதான் கிடைக்கவில்லை. சைக்கிள் மணி மாட்டுக்குக்கூடக் கேட்காது. எட்டு வீட்டுக்குக் கேட்கிற மாதிரி எங்கள் ஊரில் இருந்தது சேகண்டி ஒன்றுதான். அது பாடைக்கு முன்னால் அடிக்கிற சேகண்டி என்பது உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும், அந்தப் பதற்றத்தில் தோன்றவில்லை. போதாததற்கு, வெயில் படக்கூடாதென்று மாயம்மாள் தன் புருஷனை வெள்ளை வேட்டியால் தலைமுதல் கால்வரை போர்த்திவிட்டாள். நாலு பேர் தோள், வெள்ளைத் துணி, சேகண்டி. நான் பின்னால் தலையில் துண்டோடு அழுதுகொண்டே ஓடினேன்.

திண்டுக்கல் கடைத்தெருவில் நுழைந்ததும்தான் விஷயம் புரிந்தது. கடைக்காரர்கள் பாதிக் கதவைச் சாத்தினார்கள். லாரிகள் ஓரம் கட்டின. எதற்கும் நகராத வாழைக்காய் வண்டிகள்கூட நகர்ந்தன. செபாஸ்தியம்மாள் ஓடிவந்து, “யாருய்யா இது?” என்று கேட்க, கட்டில் தூக்கிய சோலைமலை உள்ளதைத்தானே சொல்லுவான், “தாடிக்கொம்பு ஆண்டிச்சாமி மகன் சங்கிலி” என்றான். அந்த அம்மாள் கூடையோடு பூவைக் கொட்டிவிட்டு மாரில் அடித்துக்கொண்டாள்.

வேட்டிக்குள்ளிருந்து மாப்பிள்ளை, “மாமா, செத்த நேரம் மூஞ்சியத் தொறந்து விடுங்க, மூச்சு முட்டுது” என்றார்.

நான் குனிந்து, “பேசாமப் படுங்க மாப்ளே, வழி கெடைக்குது” என்றேன்.

இது பாவமா புண்ணியமா என்று எனக்குத் தெரியவில்லை. டாக்டரம்மா பார்த்துவிட்டு, “கட்டு சரியாத்தான் இருக்கு. இன்னும் தாமசமா வந்திருந்தா காலை எடுத்திருக்கணும். விரல் அசையுதான்னு பாத்துக்கிட்டே இருங்க, அசைஞ்சாத்தான் கால் தங்குச்சுன்னு அர்த்தம்” என்றார். இதுவரை அசையவில்லை. மாயம்மாள் அந்தக் கட்டைவிரலைவிட்டுக் கண்ணை எடுக்காமல் உட்கார்ந்திருக்கிறாள். ஒன்று மட்டும் தீர்மானித்துவிட்டேன் சம்பந்தி, இனிமேல் எங்கள் கமிட்டி எல்லாரையும் சேகண்டியோடுதான் கொண்டுவரும். உயிரோடு இருக்கிறவனுக்கு இந்த ஊரில் எவனும் வழி விடுவதில்லை.

தாங்கள் நிதானமாக, நாளை காலையில், சாப்பிட்டுவிட்டு வந்தால் போதும். சம்பந்தியம்மாளுக்கு என் கும்பிடு. குழந்தைகளுக்கு ஆசீர்வாதம்.

இப்படிக்கு,
தங்கள் அன்பு சம்பந்தி,
பொன்னழகு

பின்குறிப்பு: தாங்கள் தூங்கி எழுந்ததும் மேலே எழுதியதையெல்லாம் தள்ளிவிட்டு இதை வாசிக்கவும். இந்தக் கடிதத்தைக் கண்டக்டரிடம் கொடுக்க எழுந்தபோது நம் கட்டில் திரும்பவும் ஆஸ்பத்திரிக்குள் வந்தது. அதில் நீங்கள் இருந்தீர்கள். செபாஸ்தியம்மாள் முந்திக்கொண்டாள். கோடித்துணியோடு ஓடிவந்து, கடைத்தெருவில் பஸ் நிற்குமுன்னே குதித்துக் கணுக்காலை முறித்துக்கொண்டீர்களாம், ஊர் திரும்பிக்கொண்டிருந்த சோலைமலை ஆட்கள் உங்களைத் தூக்கிச் சேகண்டி அடித்தார்களாம். அதற்குள் காலையில் வந்த பிணம் பேசிய கதை கடைத்தெரு முழுக்கப் பரவியிருந்தது. “ஏலே, அதே கட்டில்தான். உள்ளார ஆளு உசுரோடதான் இருப்பான், மெல்லப் போகட்டும்” என்று ஒருவரும் நகரவில்லை. நீங்களே எழுந்து உட்கார்ந்து, “வழி விடுங்கப்பா, எம்மவன் செத்துக் கெடக்கான்” என்று கதறியும், சிரித்தார்களே தவிர வண்டியை நகர்த்தவில்லையாம். காலையில் வந்ததைப்போல மூன்று மடங்கு நேரம். சேகண்டியைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறேன், கமிட்டிக்கு வேறு வழி யோசிக்க வேண்டும்.

மகனுக்கு வாங்கிவந்த கோடித்துணியைக் கிழித்துத்தான் உங்கள் கணுக்காலைக் கட்டியிருக்கிறோம், தெரியாமல் அவிழ்த்துவிட வேண்டாம். உங்களைப் பக்கத்துக் கட்டிலில் படுக்கவைத்ததும் நீங்கள், “எங்கடா எம்மவன்?” என்றீர்கள். மாப்பிள்ளை, “அப்பா” என்று எழப் பார்த்தார். அப்போது மாயம்மாள் என் கையைப் பிடித்துக் காட்டினாள். விரல் அசைந்தது.